வெள்ளச்சி பிரிச்ச நூல்

சொறியாதே தேனு, கையை எடு. அம்மைக் கொப்புளத்தைச் சொறிஞ்சா தழும்பு விழும். கதை சொல்றேன், "ம்" கொட்டிக்கிட்டே கண்ணை மூடு.

ஒரு உடம்பு, அதான் ஊரு. அந்த ஊர்ல வெள்ளச்சின்னு ஒரு காவக்காரி இருந்தாளாம். கண்ணுக்கே தெரியாத பொடிசு. எப்பப் பாரு ரத்தத்துல சுத்திக்கிட்டே இருப்பா. ஒரு எடத்துல உக்கார மாட்டா, உன்னை மாதிரி.

அவ வயித்துக்குள்ள ஒரு நூல்கண்டு. நீட்டிவிட்டா உங்கப்பாவை விட நீளம்! அத்தனையையும் மணிமணியா சுத்தி, இறுக்கி மடிச்சு வச்சிருக்கு. எந்த வேலையை எப்படிச் செய்யணும்னு அதுலதான் எழுதியிருக்கு. ஆனா மடிப்பைப் பிரிச்சாத்தான் படிக்க முடியும். ம்?

"ம்."

அப்போ ஒரு நாள் அம்மைக் கிருமி வந்துச்சு. மொதல்ல தொண்டை, அப்புறம் தோலு. பொளக் பொளக்னு கொப்புளம். ஊரே அனலாக் கொதிக்குது. நெஞ்சுக்குள்ள எறங்கிட்டா ஊரே போச்சு. கிருமியை அடிக்கிற வித்தை நூல்ல இருக்குன்னு வெள்ளச்சிக்குத் தெரியும், எந்த மடிப்புன்னு தெரியல. பாவம், தவிக்கிறா.

ஒரு மடிப்பை வெடுக்குனு இழுத்தா. அசையல. அப்புறம் இன்னொண்ணை இழுத்தா. பிரிஞ்சுது, ஆனா அது முடி வளர்க்கிற மடிப்பு! சீச்சீன்னு மூடிட்டா. அப்போ தூதுக்காரி ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்து, கிருமியோட துணுக்கு ஒண்ணை நீட்டினா. "இந்தாடி, இவன்தான். நல்லாப் பாத்துக்கோ." தொட்டதுதான் தாமதம், உள்ள ஒரு மடிப்பு சரசரசரன்னு நெகிழ்ந்துது. படிச்சா. வெள்ளச்சி ஒருத்தி ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, படையாப் போயி கிருமி குடியிருந்த வீட்டையெல்லாம் பொத்து பொத்துன்னு ஓட்டை போட்டாளுக. ம்?

"...ம்."

காய்ச்சல் எறங்குச்சு. அப்புறம் எல்லாரும் நூலைச் சுத்தி வச்சாங்க. வெள்ளச்சிக்கு மட்டும் மனசு கேக்கல. "மறுபடி வந்தா தேடிக்கிட்டா இருப்பேன்?"னு அந்த ஒரு மடிப்பை மட்டும் தளர்த்தியே விட்டா. வயசாகி அவ போயிட்டா. அவ மக பொறந்தா, அவளுக்கும் அந்த மடிப்பு தளர்வாவே இருந்துச்சு. பேத்திக்கும் அப்படியே. யாரும் சொல்லிக் குடுக்கல.

"அந்த ஊரு எங்க இருக்கு பெரியம்மா?"

இதோ, உன்னைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கே, இந்த உடம்புதான். ஏழு வயசுல எனக்கு அம்மை போட்டுச்சு. உங்கம்மாவுக்குப் போட்டதே இல்ல, அதான் பாவம் கதவுக்கு வெளிய நின்னு அழறா. கதை தீந்துச்சு, வெள்ளச்சி வம்சம் முழிச்சிருக்கு, நீ தூங்கு.