ஒரு பிடி மண்கூடத் தாண்டாத சைட்டு

சொரிமுத்து மேஸ்திரியானது போன வைகாசியில்தான். முதல் வேலையே பள்ளிக்கூடக் கட்டடம். அதுவும் குலவன்பட்டிக் குளத்துக்கு மேலே இருந்த சரிவில். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய செம்மண் மலை மாதிரி குவிந்து கிடந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

இன்ஜினியர் ரெஜினா அம்மா இருபது சுருள் துணியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "சைட்டைச் சுத்திக் கம்பு நட்டு இதை வேலியாக் கட்டுங்க. தண்ணி போகட்டும். மண்ணு ஒரு பிடிகூடத் தாண்டக் கூடாது. ஊரே குடிக்கிற குளம். கலங்குச்சுன்னா வேலையை நிறுத்திருவாங்க. நாளைக்குக் காலையில வந்து பார்ப்பேன்."

"ஒரு பிடி தாண்டாதும்மா" என்றான் சொரிமுத்து. உடனே தன் ஆட்கள் பூல்பாண்டியையும் மாசானத்தையும் கூட்டிக்கொண்டு வேலி கட்டினான். வெள்ளைத் துணி அழுக்காகிவிடக் கூடாதே என்று தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டினான்.

மதியம் மழை கொட்டித் தீர்த்தது.

"அண்ணாச்சி, வேலிக்கு அடியில தண்ணி செவப்பாப் போகுது" என்றான் பூல்பாண்டி.

"தண்ணி போகட்டும்னுதானே அம்மா சொன்னாங்க? நிறத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

மழை விட்டதும் பசியெடுத்தது. வீட்டுக்குக் கிளம்பிய மாசானத்தின் காலைப் பார்த்துச் சொரிமுத்து அலறினான். "ஏலே, நில்லு! கால்ல என்ன?"

"மண்ணு."

"எவ்வளவு?"

மாசானம் வழித்துப் பார்த்தான். "ஒரு பிடி இருக்கும்."

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கழுவிட்டுப் போனா?"

"கழுவுன மண்ணு எங்க போகும்?"

"தண்ணியோட வெளிய."

"அப்போ கழுவக் கூடாது."

யாரும் சைட்டை விட்டுப் போவதில்லை என்று முடிவாயிற்று.

புருஷனைக் காணோமே என்று சொரிமுத்துவின் மனைவி செண்பகவல்லி சோறு கொண்டுவந்தாள். சோற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவளின் செருப்பில் மண். பிடித்து உட்காரவைத்தார்கள். அவளைத் தேடி அவள் அண்ணன் வந்தான். அவனைத் தேடி அவன் மாமியார் வந்தாள். மாமியாரை வேடிக்கை பார்க்கப் பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். சாயங்காலம் ஆவதற்குள் சைட்டுக்குள் எழுபத்தாறு பேரும் ஒரு கிடா ஆடும் சேர்ந்துவிட்டார்கள். கிடாவுக்கு நாலு கால் என்பதால் அதற்குக் காவல் ரெண்டு பேர்.

"ஏய்யா, எங்களை எப்பத்தான் வீட்டுக்கு விடுவே?" என்று தலைவர் கத்தினார்.

சொரிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரைப் பகைக்கவும் முடியாது, அம்மா பேச்சைத் தட்டவும் முடியாது. அப்போதுதான் பூல்பாண்டி கேட்டான்: "அண்ணாச்சி, சைட்டுன்னா என்ன?"

"வேலிக்கு உள்ள இருக்கறது."

"அப்போ வேலியை ஊருக்கு அந்தாண்ட கொண்டுபோயிட்டா?"

சொரிமுத்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எழுபத்தாறு பேரும் ஆளுக்கொரு கம்பைப் பிடுங்கினார்கள். மிச்சமிருந்த சுருள்களையும் பிரித்து, 'ஐலசா' போட்டுக்கொண்டே வேலியைத் தெருக்களைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பையும் தாண்டிக் கொண்டுபோய் நட்டார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் மண் காலோடு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

காலையில் ரெஜினா அம்மா ஜீப்பில் வந்தார். ஊர் எல்லையில் வேலி. வேலிக்குப் பின்னால் சொரிமுத்து, விறைப்பாகச் சல்யூட் அடித்தபடி. அவனுக்குப் பின்னால் குளம், டீ மாதிரி.

"என்னய்யா இது! மண்ணு பூராவும் குளத்துக்குள்ள கிடக்கு?"

"ஆமாம்மா. குளம் சைட்டுக்குள்ளதான் இருக்கு" என்றான் சொரிமுத்து பெருமையாக. "ஒரு பிடி தாண்டலை."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வேலிக்குள்ளிருந்து விடாமல் ஹாரன் சத்தம்.

"அது யாரு?"

"காலையில வந்த பஸ்ஸும்மா. டயர் பூரா மண்ணு, அதான் நிறுத்தி வச்சிருக்கோம். ஆனா அவசரமாத் திருநெல்வேலி போகணுமாம்." சொரிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். "துணிதான் பத்தலை. இன்னும் நாப்பது கிலோமீட்டருக்கு அனுப்பி வச்சீங்கன்னா, மத்தியானத்துக்குள்ள திருநெல்வேலியையும் உள்ள கொண்டுவந்துருவோம்."