செர்ரியை எப்போது போடுவீர்கள்?

சங்கரன்கோவிலில் பேக்கரி வைத்திருந்த கோமதிநாயகம், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஞானம் தேடி இமயமலைக்குப் போனார். அங்கே குருவாக வாய்த்த உமையாள் அம்மா, வயதில் அவரைவிட வெகு இளையவர். அவரும் நெல்லைச் சீமைக்காரர்தான் என்பதால் சீடரை 'அண்ணாச்சி' என்றே கூப்பிடுவார்.

ஆசிரமத்து வாசலில் ஒரு காட்டுச் செர்ரி மரம். கார்த்திகைக் குளிரில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துத் தள்ளியது. செர்ரி என்று கேட்டதிலிருந்து கோமதிநாயகம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார். தியானத்தில் கண்ணை மூடினாலும் அந்த மரம்தான் தெரிந்தது, பாவம்.

சித்திரையில் பழுத்தது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டார். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து முகம் அஷ்டகோணலாகிவிட்டது. அவ்வளவுதான், மூட்டையைக் கட்டிவிட்டார்.

உமையாள் அம்மா அதே பழத்தைக் கொட்டை நீக்கி, உப்பும் மிளகாயும் வெல்லமும் வைத்து அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டிய, அண்ணாச்சி?"

"ஆத்துக்கு அக்கரையில இருக்கிற ஆசிரமத்துக்கும்மா. அங்க உட்கார்ந்த அன்னைக்கே ஆனந்தம் வந்திருதாம். இங்க தியானமும் இனிக்கல, பழமும் இனிக்கல. இது செர்ரியே இல்ல. செர்ரின்னா தேனா இனிக்கணும். காலம் பூரா வித்தவன் சொல்லுதேன்."

"நீங்க வித்ததை எப்படிச் செய்வீய?"

தொழில் பேச்சு வந்ததும் மூட்டை தரைக்கு இறங்கியது.

"களாக்காயைக் கொட்டை எடுத்து, வேகவச்சு, சீனிப்பாகுல ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் விடணும். பளபளன்னு நிக்கும்! கேக்கு மேல ஒண்ணே ஒண்ணு வச்சாப் போதும், பிள்ளைக அதுக்குத்தான் அடிச்சிக்கிடும்."

"சரி. இதுல செர்ரியை எப்பப் போடுவீய?"

கோமதிநாயகம் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார்.

அம்மா துவையலை வழித்து அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தார். கோமதிநாயகம் நக்கிப் பார்த்தார். நாக்கு இன்னும் கொஞ்சம் கேட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

"அப்ப அக்கரைக்குப் போக வேண்டாங்கிறியளாம்மா?"

"தாராளமாப் போங்க. அங்க குடுக்கிற ஆனந்தத்தை வாங்கினதும், விரல்ல சாயம் ஒட்டுதான்னு மட்டும் பாத்துக்கிடுங்க."

கோமதிநாயகம் ஒன்றுமே ஒட்டாத இடது கையை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.