கடைக்கு மேலே ஒரு கூட்டம்

விருத்தாசலத்தில் பந்தல் போடுகிற கொளஞ்சியப்பனுக்கு, அறுபது வயதை நெருங்கும்போது ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவர். பெயர் வேதமுத்து.

அது நடந்த விதம் இது. கொளஞ்சியப்பன் குடித்துவிட்டுக் கட்டிய கல்யாணப் பந்தல் ஒன்று மாப்பிள்ளை வீட்டார் மேல் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அவர் மனைவி செந்தாமரை அன்றைக்கே நெய்வேலியில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டம் ஒன்று ஊரில் இருக்கிறதாம், அதில் போய் உட்காரும்வரை தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் தேடிப் போகத்தான் செய்தார். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே அடையாளத்தைச் சொன்னார்கள். ரயிலடி ஒயின்ஷாப்புக்கு மேல்மாடி. ஒவ்வொரு முறையும் அடையாளம் வரைக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் போக முடியவில்லை. செந்தாமரைக்குப் போன் செய்து, முக்கால்வாசி போய்விட்டதாகச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒருநாள் கடை வரிசையில் நின்றபடியே, முன்னால் நின்றவரிடம் கூட்டத்துக்கு எந்தப் பக்கம் படி என்று விசாரித்தார். அந்த ஆள் கையைக் காட்டிவிட்டு, இப்போது போனால் இடம் போய்விடும், வாங்கிக்கொண்டே போகலாமே என்று அக்கறையோடு சொன்னார். மாடிச் சுவரில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த வேதமுத்து இறங்கி வந்து, கொளஞ்சியப்பனின் தோளில் கை போட்டு மேலே அழைத்துப் போனார்.

மேலே சில பெஞ்சுகளும் ஒரு பிளாஸ்க் டீயும் இருந்தன. ஒவ்வொருவரும் எழுந்து பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். கொளஞ்சியப்பன் எழுந்து, நான் ஒரு பந்தல் காண்டிராக்டர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தார்கள்.

புதிதாக வருபவருக்குப் பழையவர் ஒருவர் துணையிருப்பது அங்கே வழக்கம். வேதமுத்து அவருக்குத் துணையானார். மகன் வயதுக்காரனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கொளஞ்சியப்பன் கிண்டலாகக் குருவே என்றார். நாளடைவில் கிண்டல் போய்க் குரு மட்டும் தங்கிவிட்டது.

மாடிப்படி இறங்கும்போது ஒருநாள் கேட்டார்.

“ஊர்ல வேற மாடியே கிடைக்கலையா, குருவே?”

“கோயிலுக்குப் பக்கத்துல ஒண்ணு கிடைச்சுது, அண்ணே. கொஞ்ச நாள் நடத்தினோம்.”

“அப்புறம்?”

“ஒருத்தரும் வரலை. இங்கே நீங்களே வந்துட்டீங்க.”

மாதங்கள் போயின. கொளஞ்சியப்பன் கட்டிய பந்தல்கள் நேராக நின்றன. தைப் பொங்கல் கழிந்ததும் தெருப் பெண்கள் மறியல் செய்ததில், கடையை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். கொளஞ்சியப்பன் உடனே நெய்வேலிக்குப் போன் போட்டார். கடையே ஒழிந்தது, இனி ஒரு குறையுமில்லை, கிளம்பி வா என்றார். செந்தாமரை, வெள்ளிக்கிழமை காலை வருவதாகவும், அன்றைக்கு வாடை அடித்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவதாகவும், அப்புறம் வரவே போவதில்லை என்றும் சொன்னாள்.

வியாழன் மாலை, விடைபெற்றுக்கொள்ள ஜாங்கிரி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். வேதமுத்துவும் மற்றவர்களும் பெஞ்சுகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வேன் நின்றது.

கொளஞ்சியப்பன் பொட்டலத்தை நீட்டினார். தன்னை நோய் விட்டுவிட்டது, அந்தக் கடையின் நினைப்புகூட வருவதில்லை, கூட்டத்தையும் மூடுவது நல்லதுதான் என்றார். வேதமுத்து ஒரு ஜாங்கிரியை எடுத்துக் கடித்தார்.

“மூடலை, அண்ணே. கடை போன பக்கமே நாமும் போறோம். நெல் மண்டிப் பக்கம்னு சொல்றாங்க.”

கொளஞ்சியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“விட்டுத் தொலைஞ்ச சனியனை வேன் வச்சுத் துரத்துறீங்களே, குருவே. மண்டிக்குப் பின்னால, செங்கல் லாரி நிக்கிற சந்து அது. முன்பக்க கேட்டைப் பூட்டியே வச்சிருக்கான், பக்கத்துக் கதவாலதான் போகணும். இன்னும் போர்டுகூட மாட்டலை. நாளைக்கு மத்தியானம்தான் திறக்கவே போறான். அங்கே போய் என்ன பண்ணப் போறீங்க?”

பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வேன் டிரைவர் இறங்கி வந்து, செங்கல் லாரிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மரியாதையாகக் கேட்டார்.

வேதமுத்து மென்று முடித்தார்.

“சரியான இடம் எதுன்னு காலையிலேர்ந்து விசாரிக்கிறோம், அண்ணே. ஒருத்தருக்கும் தெரியலை.”

பந்தல் வேலையாக அந்தப் பக்கம் போனதாகச் சொல்ல கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தார். செங்கல் லாரிக்கு யார் பந்தல் போடுவார்கள் என்று அவருக்கே தோன்றியது. மூடிக்கொண்டார்.

“காலையில அவ வர்றா, குருவே,” என்றார் மெதுவாக. “நான் என்ன செய்ய?”

வேதமுத்து குனிந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார்.

“அந்த முனையைப் பிடிங்க, அண்ணே. டிரைவருக்கு நீங்கதான் வழி சொல்லணும்.”