வாசல்நாட்டின் மறுப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னே, இரண்டு மலைகளுக்கு நடுவில் கிடந்த கணவாய்நாட்டைச் சித்திரகேது என்றொரு அரசன் ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான்.

கீழைநாட்டுக்கும் மேலைநாட்டுக்கும் சண்டை மூண்டது. இரு நாட்டுத் தூதர்களும் சித்திரகேதுவின் அவைக்கு வந்து, "எங்கள் படைக்கு வழி விடுங்கள். இல்லாவிட்டால் மிதித்துக்கொண்டு போவோம்" என்றார்கள்.

தூதர்கள் விடுதிக்குப் போனதும் அரசன் அலுத்துக்கொண்டான். "வடக்கே மலையுச்சி நாட்டான் யார் பக்கமும் சேரமாட்டேன் என்றான். அவனை யாரும் தொடவில்லை. நாமும் அப்படியே சொல்வோம்."

"அவர் மூலையில் இருக்கிறார், அரசே. நாம் வாசலில் இருக்கிறோம்," என்றாள் அமைச்சர் இளவெயினி. "வெறும் வாய்ச்சொல் எடுபடாது."

அவள் பதவிமேல் கண்வைத்திருந்தவனும் கீழைநாட்டாருக்கு வேண்டியவனுமான தளபதி மகுடேசன் குறுக்கிட்டான். "கீழைநாட்டானுக்குத் திறந்துவிடுவோம். பெரியவனோடு சேர்ந்தால் பிழைக்கலாம்."

"சேர்ந்தால் மேலைநாட்டான் நம் முற்றத்தில் வந்து சண்டை போடுவான்," என்றாள் இளவெயினி.

அரசன் கையை உயர்த்தினான். "இரண்டு படையும் திரும்பிப் போகவேண்டும். முடியாவிட்டால் உன் பதவி மகுடேசனுக்கு."

இளவெயினி ஊர்ச்சனத்தையெல்லாம் மலைமேல் ஏற்றினாள். கணவாய்க்கு மேலிருந்த ஏரிக்கரையில் மண்வெட்டியோடு ஆட்களை நிறுத்தினாள். மகுடேசனை மட்டும் தனியே அழைத்து, "நாளை கரையை வெட்டப்போகிறோம். யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றாள்.

மறுநாள் அரசனோடு தூதர்களையும் ஏரிக்கரைக்கு அழைத்துப்போனாள். "படை நுழைந்தால் கரை உடையும்," என்றாள்.

கீழைநாட்டுத் தூதன் சிரித்தான். "கீழே உங்கள் அரண்மனை இருக்கிறது. அதையா மூழ்கடிப்பீர்கள்? நாடகம்."

அப்போது மகுடேசன் தன் பெட்டிகளைக் கழுதைகள்மேல் ஏற்றி, வேர்க்க விறுவிறுக்க மலையேறி வந்தான். தூதனின் சிரிப்பு நின்றது. நமக்கு வேண்டியவனே ஓடிவருகிறானே என்று அவன் முகம் வெளுத்தது.

சித்திரகேது ஓர் ஆளிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். அவன் குரல் அன்று மாறவில்லை.

"அரண்மனை போனால் போகட்டும். அதோடு உங்கள் வழியும் போகும். நாங்கள் நிற்கும்வரை உங்கள் இருவரில் எவன் படையும் இந்த வழியாக வராது. உங்கள் அரசர்களிடம் போய்ச் சொல்லுங்கள்."

எதிரிக்கும் வழியில்லை என்பதே போதுமென்று இரண்டு படைகளும் திரும்பிப்போயின.

அரசன் மகுடேசனின் வாளை வாங்கி இளவெயினியிடம் கொடுத்தான். "இனி படையும் உன் பொறுப்பு. இவன் பெட்டிகளோடு இங்கேயே இருக்கட்டும். கரையில் எலி வளை தோண்டினால் அடைக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?"

சண்டை ஓயும்வரை கணவாய்நாட்டார் முறைவைத்து அந்தக் கரையைக் காத்தார்கள். முதல் முறைக்கு அரசனே நின்றான்.