திலகவதியின் அளவு

"விபூதி கொடுங்க, மந்திரம் சொல்லுங்க, எதுன்னாலும் சரி. என் கை நடுங்கறது நிக்கணும். இப்பவே நிக்கணும்."

மடத்து வாசலில் நின்று திலகவதி கேட்டாள். வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறாள்.

உள்ளே இருந்த மடத்தம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தெருவுக்கே அவர்தான் குரு. சாயங்காலம் போனால் மூச்சைக் கவனித்தபடி அரைமணி நேரம் உட்காரச் சொல்வார், அவ்வளவுதான். திலகவதி மூன்று வருடம் ஒழுங்காக உட்கார்ந்தாள். ஆயுத பூஜை முடிந்து தீபாவளித் துணிகள் குவிய ஆரம்பித்ததும் மடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

என்ன நடந்தது என்று மடத்தம்மா கேட்டார்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டே நாள். தாரணி என்ற பெண்ணுக்குத் தலைதீபாவளி. இன்று சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் கணவனோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். அவளுடைய ஜாக்கெட் துணி பட்டுப்புடவையோடு சேர்ந்து வந்தது; கெட்டால் அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்காது. காலையில் அதன்மேல் திலகவதி வேறு யாருடைய அளவையோ போட்டுவிட்டாள். கத்திரியை வைக்கப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. வெட்டியிருந்தால் இரண்டு இஞ்ச் குறைந்திருக்கும். கோட்டை அழித்துச் சரியாகப் போட்டாகிவிட்டது. ஆனால் வலதுகை ஆட ஆரம்பித்துவிட்டது. கத்திரியைப் பிடிக்க முடியவில்லை.

மடத்தம்மா எழுந்தார். உள்ளே போய் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

திலகவதியோடு அவளுடைய தையல் கடைக்கு வந்து துணியை மேசைமேல் வைத்தார்.

"இதை ஜாக்கெட்டா தைக்கணும்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"சரி, தீபாவளி முடியட்டும்."

"இப்பவே."

திலகவதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மணி பன்னிரண்டு. தாரணியுடையது போக இன்னும் பதினாறு துணி வெட்டாமல் கிடந்தது. விளையாடுகிற நேரமா இது என்று குருவென்றும் பாராமல் கேட்டுவிட்டாள்.

மடத்தம்மா ஸ்டூலை மெஷினுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்படி வந்து உட்காருகிற ரகத்தைத் தையற்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். துணியைக் கையில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். சிலர் டீ வாங்கிக் கொடுத்தால் நகர்வார்கள். இவர் டீயும் குடிப்பதில்லை.

"அளவு என்ன?" என்று கேட்டார்.

திலகவதி அளவு நோட்டை எடுத்தாள், திறக்காமலே வைத்தாள். தெருவில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். அவள் இல்லை. அக்கா மகள் கழித்துப் போட்டதைப் பிரித்துத் தைத்து உடுத்துகிறவளுக்கு அளவு எதற்கு?

"கல்யாணத்தப்ப முப்பத்திரண்டு. இப்ப தெரியல."

தன்னைத் தானே ஒழுங்காக அளக்க முடியாது. மடத்தம்மா அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, கைகளைத் தூக்கச் சொல்லி, கோணலாகச் சுற்றினார்.

"அப்படியில்லம்மா. முதுகுப் பக்கம் இறங்குது பாருங்க. விரல் நுழையற அளவு விடணும்."

"விட்டும் இறுக்கமாத்தானே இருக்கு. அளவு கொடுக்க வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

"மூச்சைப் பிடிக்காதீங்க, சாதாரணமா விடுங்கன்னு..."

பாதியில் நிறுத்தினாள். டேப் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. இது எப்போது இழுத்த மூச்சு? காலையிலா, ஆயுத பூஜையன்றா?

விட்டாள். டேப் தளர்ந்து தொங்கியது. கூடவே அழுகை வந்தது. தடுக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மடத்தம்மா தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டார். அழுகை அடங்கியதும் மறுபடி சுற்றினார்.

"முப்பத்தெட்டு. கழுத்து எப்படி வேணும்?"

"ஏதோ ஒண்ணு. வட்டமா வெச்சுடறேன்."

"வர்றவங்களுக்கும் ஏதோ ஒண்ணுதான் வைப்பீங்களா?"

திலகவதி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் துணியைப் பார்த்தாள். பின்கழுத்துக்கு ஓர் அரசிலை வரைந்தாள். அது யாரும் கேட்டு வராத டிசைன், அவளுக்கு மட்டும் பிடித்தது. இலை விறைப்பாக இருந்தது. அழித்தாள். நுனியை நீட்டி, காற்றடித்த மாதிரி ஒரு பக்கம் சாய்த்தாள். சிரிப்பு வந்தது. வெட்டினாள்.

அந்த மாதிரி வளைவில் மெஷினை விரட்டக் கூடாது. சக்கரத்தைக் கையால் திருப்பி, ஒவ்வொரு தையலாக இறக்க வேண்டும். ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மணியைப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குத் தாரணி வந்து நின்றாள். தன்னுடையது முடிந்ததா என்று கேட்டாள்.

'கொக்கி மட்டும்தான் பாக்கி' என்று திலகவதியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருடமாகச் சொல்லி வந்த பதில்.

"உன் துணியில இன்னும் கத்திரியே படலம்மா."

தாரணியின் முகம் வெளுத்தது. மெஷினில் கிடந்த வெள்ளைத் துணியைக் காட்டினாள்.

"அப்ப இது யாரோடது?"

"என்னோடது."

தாரணி கத்துவாளா அழுவாளா என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு மூன்றே மணி நேரம். திலகவதி காலையில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள், வேறு அளவு போட்டது, கை ஆடியது, எல்லாம்.

"அப்ப வெட்டியிருந்தா கெடுத்திருப்பேன். இப்ப வெட்டறேன். இங்கயே இருந்து பாரு."

மடத்தம்மா எழுந்து தாரணிக்கு ஸ்டூலைக் கொடுத்தார்.

திலகவதி பட்டுத் துணியை விரித்தாள். கோடுகளைத் தாரணியின் அளவோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தாள். பெரிய கத்திரியை எடுத்தாள். தாரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

கத்திரி தோளில் தொடங்கி கைக்குழியின் வளைவுவரை நிற்காமல் போனது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மடத்தம்மா திரும்பினார்.

"கை எப்படி இருக்கு?"

"எந்தக் கை?" என்றாள் திலகவதி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.