புளியிட்டுத் துலக்கிய குழாய்

மலையடிவார மடத்தின் மடைப்பள்ளிச் சுவரையொட்டி வெந்நீர்ச் செம்புக் குழாய் ஒன்று ஓடியது. அதன் ஓர் இணைப்பில் மட்டும் பச்சைக் களிம்பு படியும். சீடன் அம்பலவாணன் வெள்ளிதோறும் பூசைப் பாத்திரங்களைத் துலக்கியபின், எஞ்சிய புளியால் அதையும் தேய்த்துப் பளபளக்கச் செய்வான்.

ஒரு காலை, சமையற்காரர் பேச்சிமுத்து துணி மூட்டையுடன் குருவாகிய தேசிகர் முன் வந்து நின்றார்.

“உத்தரவு குடுங்க சாமி. போறேன்.”

‘போயிட்டு வாரேன்’ என்று அவர் சொல்லவில்லை.

“நேற்று கடிந்து பேசியதற்கு நேற்றே மன்னிப்புக் கேட்டேனே!” என்றான் அருகில் நின்ற அம்பலவாணன்.

“கேட்டீங்க. போன வாரமும் கேட்டீங்க. உங்க மன்னிப்ப வச்சே ஒரு பந்தி பரிமாறலாம்.”

அம்பலவாணன் முகம் சிவந்தது. குருவின் பக்கம் திரும்பினான்.

“இவர் போனால் பழி என்னுடையது, சுவாமி. நான் என்ன செய்ய வேண்டும்?”

தேசிகர் எழுந்து மடைப்பள்ளிக்கு நடந்தார். இருவரும் பின்தொடர்ந்தனர். குழாயருகே நின்று கைத்தடியால் சுவரைத் தட்டினார். பூச்சு சேறாக உதிர்ந்தது. உள்ளே செங்கல் ஊறிக் கரைந்திருந்தது.

“இது உன் கண்ணில் படவில்லையா?”

“குழாய் பளிச்சென்று இருந்ததே, சுவாமி. களிம்பு ஏற விட்டதே இல்லை.”

“அந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் ஏறிற்று?”

“செம்பென்றால் களிம்பு ஏறும். ஆன்மாவுக்கு ஆணவ மலம்போல. சாத்திரத்தில்...”

“சாத்திரம் இருக்கட்டும். விரலை வை.”

வைத்தான். இணைப்பின் அடியில் விரல் நனைந்தது.

“கசிகிறது, சுவாமி.”

“அதைத்தான் களிம்பு சொல்ல வந்தது. நீ வெள்ளிதோறும் துடைத்தாய்.”

அம்பலவாணன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு, “மேலே வெள்ளீயம் உருக்கி அடைத்துவிடட்டுமா?” என்றான்.

“உள்ளே நீர் நிற்கும் குழாயில் ஈயம் பற்றாது.”

“வேறு வழி?”

“வால்வை மூடு. முழுவதும் வடி. இணைப்பை அறுத்தெடுத்துப் புதிதாய் வை.”

“அதுவரை மடத்துக்கு வெந்நீர் இராதே!”

“இராது. ஏனென்று கேட்பவர்க்கு நீயே சொல்.”

அம்பலவாணன் பேச்சிமுத்துவை நோக்கி மறுபடி மன்னிப்புக் கேட்க வாய் திறந்தான், மூடிக்கொண்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். வால்வைத் திருகி மூடிவிட்டு, இரும்பறுக்கும் வாளைத் தேடிப் போனான்.

பேச்சிமுத்து மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“நான் இதை அவுக்கவா சாமி, வேண்டாமா?”

“இப்போதே அவிழ்க்க வேண்டாம்” என்றார் தேசிகர். “குழாயைப் பார்க்கவும் வேண்டாம். சுவர் உலர்கிறதா என்று பாரும்.”