தங்கப்பழம் கேட்ட நார்மல் ரிப்போர்ட்

ரைஸ் மில் முதலாளி தங்கப்பழம் பேசினால் மேசைக்கும் வலிக்கும். அன்று லேப் மேசையை ஓங்கி அறைந்தார். அண்ணன் மகளின் கல்யாணத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ரத்தப் பரிசோதனை. அவர்களும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"கல்லீரல் டெஸ்ட்டுல ஒரு எண்ணுக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கே! நார்மல்னு எழுது. இல்லேன்னா நாளைக்கு இந்த லேப் இருக்காது!"

டெக்னீஷியன் சகாயமேரி ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தாள். காலையில் ஊசி குத்தியதும் அந்தக் கல்யாணப்பெண் மிட்டாய் கேட்டதை அவள் மறக்கவில்லை.

"எண்ணை மாத்த முடியாது சார். நீங்க சொன்ன பத்தொன்பது வயசுக்கு இது ரொம்ப அதிகம், கல்லீரல் கோளாறுன்னுதான் நினைப்பாங்க. எலும்பு வளர்றப்பவும் இது ஏறும், அந்த வயசுக்குன்னா இதே எண் நார்மல். ஒரு பதிமூணு வயசுன்னா..."

"பதிமூணுதாம்மா!" தங்கப்பழம் கத்தினார். "போன மாசந்தான் முடிஞ்சுது! அவளுக்கு ஏது நோய்?"

வெளியே மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த பூப்பந்து தரையில் உருண்டது. தங்கப்பழம் வாயைப் பொத்திக்கொண்டார்.

சகாயமேரி வயதைத் திருத்தினாள். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"நார்மல் சார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் வளர்றா, அவ்வளவுதான்."